சன்னிதி கண்ட சலங்கை

நுழையும்முன்

கோயிலிலும் அரசவையிலும் வளர்ந்த ஆடற்கலை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்விரு இடங்களையும் இழந்தது. இடம் இழந்த கலை எங்கே சென்று வாழ்ந்தது, யார் அதனைக் காத்தனர், காத்தவர்க்கு அதனால் நேர்ந்தவை யாவை என்பனவற்றை ஒரு பெண்ணின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி.

1925ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் சன்னிதியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சலங்கை கட்டி ஆடினாள். சென்னையில் பிறந்து வளர்ந்த அக்குழந்தையின் அரங்கேற்றம் காஞ்சியில் நிகழ்ந்தது வியப்புக்குரியதன்று. ஆடலும் பாடலும் அந்நகரின் கற்களிலேயே பதிந்துள்ளன. பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில், காலை உச்சிக்குத் தூக்கி ஆடும் சிவபெருமானின் வடிவத்தை இன்றும் காணலாம். சிறுமி ஆடிய காலத்தில் நயினாப் பிள்ளை போன்ற இசைமேதைகள் அவ்வூரில் வாழ்ந்தனர். அவருடைய தாயின் தமக்கையும் தாயும் தனகோடி சகோதரியர் எனப் புகழ்பெற்ற பாடகியர். தாளக்கணக்கில் நயினாப் பிள்ளைக்கு இருந்த பிடியைப் பற்றி இசையுலகம் நெடுங்காலம் பேசியது.

அச்சிறுமியின் குடும்பத்திற்கும் காஞ்சிக்கும் வேறொரு வகையிலும் தொடர்புண்டு. படையெடுப்புக்கு அஞ்சிய காலத்தில் காஞ்சியிலிருந்து பங்காரு காமாட்சியின் பொன்திருமேனி பாதுகாப்பாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, இறுதியில் தஞ்சாவூரில் நிலைபெற்றது. அத்திருமேனியைப் பூசித்துவந்த குடும்பத்தில் தோன்றியவரே இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரி. அவருடைய பேரரான அண்ணாசாமி சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர் வீணை தனம்மாள். அந்தத் தனம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தியே காஞ்சியில் ஆடிய சிறுமி. காஞ்சியிலிருந்து தஞ்சைக்கும், தஞ்சையிலிருந்து சென்னைக்கும் சென்ற ஒரு மரபு, ஒரு நாள் தன் தொடக்க ஊருக்கே திரும்பி வந்ததுபோல் இந்நிகழ்ச்சி தோன்றுகிறது.

பெண்வழி வந்த செல்வம்

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் கலைமரபு தஞ்சை அரசவையில் பாடியும் ஆடியும் வந்த பாப்பம்மாள் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. பாலசரஸ்வதி அவ்வழியில் ஏழாம் தலைமுறை. தனம்மாளின் பாட்டியான காமாட்சியம்மாளும் தஞ்சையில் ஆடலில் சிறந்து விளங்கியவர். தந்தை பெயரால் அன்றித் தாய் பெயரால் எண்ணப்படும் வழிமுறை இது. சொத்தும் கலையும் பெண்களின் கையிலேயே இருந்த குடும்பங்கள் அக்காலத்தில் சிலவே.

தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணையிசை ஒலிக்கும். பெரும் வித்துவான்கள் வந்து, பேச்சின்றி, அசைவின்றி அமர்ந்து கேட்பர். முதுமையில் தனம்மாள் கண்பார்வையை இழந்திருந்தார். ஆனால் சுருதியில் நேரும் சிறு பிசகும் அவர் செவிக்குத் தப்பாது. க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் அவ்வீட்டில் பெரும் பொருளாகப் பேணப்பட்டன. பாலசரஸ்வதியின் தாய் ஜெயம்மாள் தேர்ந்த பாடகி. இளவல்களுள் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் பின்னாளில் பெயர் பெற்றனர். பேசக் கற்பதற்கு முன்பே இசையைக் கேட்டு வளர்ந்த குழந்தை, ஆடலை இசையின் மற்றொரு வடிவமாகவே கண்டதில் வியப்பில்லை.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரியம்மாளின் ஆட்டத்தைக் கண்டு, அதுபோலவே ஆடிக் காட்டும் பழக்கம் அக்குழந்தைக்கு இருந்தது. ஆடல் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் தாய்க்கு எழுந்தபோது குடும்பத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. அந்நாளில் ஆடும் பெண்ணைச் சமுதாயம் இழித்துப் பேசத் தொடங்கியிருந்தது. பாடினால் மதிப்புண்டு, ஆடினால் பழியுண்டு என்ற நிலை. அறிந்தே அப்பழியைக் குழந்தையின் தலையில் சுமத்துவதா என்று உற்றார் தயங்கினர். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற இசைவாணர் அளித்த ஊக்கம் ஜெயம்மாளுக்குத் துணையாயிற்று. நான்கு வயதில் பயிற்சி தொடங்கியது.

ஆசிரியர் கந்தப்ப பிள்ளை

கற்பித்தவர் கந்தப்ப பிள்ளை. இவர் தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் விளங்கிய நட்டுவனார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறையும் இன்றைய ஆடல்நிகழ்ச்சியின் வரிசைமுறையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே. கோயிலுக்கு உரிய சதிர், அரசவைக்கு உரிய வடிவத்தைப் பெற்றது அவர்கள் காலத்தில்தான்.

கந்தப்ப பிள்ளையின் பயிற்சி மிகக் கடுமையானது. விடியலில் தொடங்கும் பாடம் பள்ளிநேரம் போக மீண்டும் தொடரும். ஓர் அடவு முழுமை பெறும்வரை அடுத்த அடவு இல்லை. காலின் கணக்கும் கையின் பொருளும் கண்ணின் நோக்கும் பாட்டின் போக்கும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பின்னிச் செல்ல வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

இங்கே காஞ்சியின் தறியை நினைத்துப் பார்க்கலாம். பட்டுச்சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் பிணைத்துச் செல்வர். நெசவாளர் இதனைக் கோர்வை என்பர். மறுபக்கத்து நாடாவைச் செலுத்தத் துணையாள் ஒருவர் வேண்டும். தனியொருவரால் அதனை நெய்வது அரிது. ஆடலரங்கிலும் கோர்வை என்ற சொல் உண்டு. அடவுகளைத் தாளக்கணக்கில் தொடுத்து முடிக்கும் அமைப்பை அது குறிக்கும். இரு தொழிலிலும் ஒரே சொல் வழங்குவது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் ஜெயம்மாள் பாட, கந்தப்ப பிள்ளை தாளமிட, இடையே நின்று ஆடிய அந்தப் பெண்ணின் கலை எத்தகையது என்பதை விளக்க இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம்.

அபிநயத்தைப் பாலசரஸ்வதி பலரிடம் கற்றார். குழந்தைப் பருவத்தில் அவரைக் கவர்ந்த கௌரியம்மாளே பின்னர் அவருக்கு ஆசிரியரானார். வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியிடமும் சின்னையா நாயுடுவிடமும் பாடம் கேட்டார். பாட்டின் ஒரே அடியை எடுத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் பாடச்செய்து, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள் தோன்ற அபிநயித்துக் காட்டும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. எதனை எப்போது செய்யவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. இராகத்தை விரிக்கும் பாடகர் போல அந்நேரத்து உள்ளத்தின் வழி அவர் கைகள் சென்றன. ஆடும்போதே தாமும் சேர்ந்து பாடுவார். குழந்தைக் கண்ணனை வெண்ணெயுண்ண அழைக்கும் தாயாக, அவன் வாராதபோது கெஞ்சுபவளாக, பொய்யாகச் சினப்பவளாக, வாய்க்குள் உலகம் கண்டு திகைப்பவளாக அவர் மாறியதைக் கண்டவர் பலர் அதனை வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

1934ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டுச் சதிராட்டத்தை அறியாத வடநாட்டார் முன்னிலையில் அது நிகழ்ந்தது. நடனமேதை உதயசங்கர் அவருடைய ஆடலைக் கண்டு பெரிதும் மதித்தார். பின்னர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் தாம் நிறுவிய கலை நிலையத்திற்குக் கந்தப்ப பிள்ளையை ஆசிரியராக அழைத்துச் சென்றார்.

சட்டமும் சன்னிதியும்

பாலசரஸ்வதி வளர்ந்த காலம், அவருடைய சமூகத்துப் பெண்களைப் பற்றிய பெரும் வழக்கு நாடெங்கும் நடந்த காலமாகும். சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்திற்கு எதிராகப் பேசினார். இருவரும் அச்சமூகத்தோடு பிறப்பால் தொடர்புடையவர்கள். அறியாப் பருவத்துச் சிறுமியரின் வாழ்வு பிறரால் முடிவு செய்யப்படுவதைக் கண்டு கொதித்தவர்கள். அவர்கள் கோரியது நீதி. அதனை மறுத்தற்கில்லை.

ஆயினும் 1947இல் நிறைவேறிய சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடு நில்லாமல், கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் தடைசெய்தது. அதன்படி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி காஞ்சியில் செய்தது இனிக் குற்றம். முள்ளை எடுக்கப்போய் மலரையும் கிள்ளிய இச்செயலில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பது இன்றும் ஆய்வாளர் வாதிடும் பொருளாகவே உள்ளது. ஒன்றுமட்டும் தெளிவு. கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்கு அச்சட்டம் மாற்று வாழ்வு எதனையும் காட்டவில்லை. பலர் தம் பெண்மக்களுக்கு ஆடல் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டனர். சலங்கைகள் பெட்டிக்குள் போயின.

திருத்தணி முருகன் சன்னிதியில் ஆட வேண்டும் என்ற தீராத வேட்கையால், ஒருமுறை பிறர் அறியாமல் சென்று பாலசரஸ்வதி ஆடினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். பார்வையாளர் இல்லாத அவ்வாட்டம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவே இயலும்.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பழிக்கப்பட்ட கலைக்கு மதிப்பைத் தேடித்தந்ததில் அவருடைய பங்கு பெரிது. ஆனால் அதன் பொருட்டுச் சிருங்காரச் சுவையைக் குறைத்து, பக்திச் சுவையை மிகுவித்து, கலையைத் தூய்மை செய்யவேண்டும் என்று அவர் கருதினார். பாலசரஸ்வதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே சுவைகளுக்கெல்லாம் தலையானது என்பதும், தலைவனை நாடும் தலைவியின் ஏக்கம் இறைவனை நாடும் உயிரின் ஏக்கமே என்பதும் அவர் கருத்து. தூய்மை இல்லாதது கலையில் இல்லை, காண்பவர் கண்ணிலோ ஆடுபவர் உள்ளத்திலோதான் இருக்கக்கூடும் என்று அவர் வாதிட்டார். தமிழின் அகப்பாடல்களையும் ஆழ்வார், நாயன்மார் பாசுரங்களில் வரும் நாயகி நிலையையும் கற்றவர்க்கு அவருடைய வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும்.

நாற்பதுகள் அவருக்குத் துன்பமான காலம். 1941இல் ஆசிரியர் கந்தப்ப பிள்ளை மறைந்தார். உடல்நலம் குன்றியது. ஆடும் வாய்ப்புகள் அருகின. அக்காலத்தில் நட்டுவாங்கம் செய்து துணைநின்றவர் காஞ்சிபுரம் எல்லப்பா. இவர் இனிய குரலும் தாளத் தேர்ச்சியும் ஒருங்கே பெற்றவர். பாலசரஸ்வதியின் வாழ்வில் காஞ்சிபுரம் இவ்வாறு இரண்டாம் முறை வந்து சேர்ந்தது. பின்னர், சென்னை மியூசிக் அகாடமியின் செயலாளரான டாக்டர் வே. இராகவன் அவருடைய ஆடலை மீண்டும் அரங்குக்குக் கொணர்ந்தார். 1953இல் அகாடமியின் ஆதரவில் நடனப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன் அங்கு ஆசிரியரானார்.

கடல்கடந்த காட்சி

கோயிலோடும் அரசவையோடும் பிணைந்த ஆடல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஜாவாத் தீவின் சுரகர்த்தா, யோக்யகர்த்தா அரண்மனைகளில் பெடாயா என்னும் ஆடல் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஒன்பது பெண்கள் ஒரேவகை ஆடையணிந்து, கமெலான் என்னும் வெண்கலக் கருவிகளின் இசைக்கு மிக மெதுவாக அசைவர். சுரகர்த்தாவில் மன்னர் முடிசூடிய நாளின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் ஆடலின்போது, தென்கடலின் அரசி கண்ணுக்குப் புலனாகாமல் வந்து உடனிருக்கிறாள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. எனவே அது பொழுதுபோக்கு அன்று, வழிபாடு. இராமாயண, பாரதக் கதைகளும் அவ்வரண்மனைகளில் ஆடப்பட்டன.

பாலசரஸ்வதி பிறந்த 1918ஆம் ஆண்டிலேயே, யோக்யகர்த்தாவில் அரசகுடும்பத்தார் இருவர் மன்னரின் இசைவு பெற்று, அரண்மனைக்கு வெளியே ஒரு நடனப்பள்ளியைத் தொடங்கினர். அரண்மனைச் சுவருக்குள் இருந்த ஆடலைப் பொதுமக்கள் கற்க வழி பிறந்தது. அங்கே கலை வெளியே வந்தபோது அதனைக் கையிற்பிடித்து அழைத்து வந்தவர்கள் அதன் பழைய உரிமையாளர்களே. இங்கோ, கலை ஒரு கதவு வழியாகவும் அதனைக் காத்த பெண்கள் மற்றொரு கதவு வழியாகவும் வெளியேற நேர்ந்தது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டால் பாலசரஸ்வதியின் பிடிவாதத்திற்குப் பொருள் புரியும்.

1961இல் தோக்கியோவில் நடைபெற்ற கீழைமேலை இசைவிழாவில் அவர் ஆடினார். 1962இல் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவ்வாண்டே ஜேக்கப்ஸ் பில்லோ நடனவிழாவில் ஆடினார். 1963இல் எடின்பரோ விழாவில் அவருடைய நிகழ்ச்சிகள் நடைபெற்றன. மொழி அறியாத மக்கள் முன் தெலுங்குப் பதத்திற்கும் தமிழ்ப் பதத்திற்கும் எவ்விதச் சுருக்கமும் செய்யாமல் அபிநயித்தார். அயலார்க்காகக் கலையை எளிமையாக்க அவர் உடன்படவில்லை. அவர்களும் அதனை வேண்டவில்லை. தென்னிந்திய இசையும் ஜாவாவின் கமெலானும் அருகருகே கற்பிக்கப்பட்ட அவ்வமெரிக்க வகுப்புகளில், இரு நாட்டு அவைக்களக் கலைகளும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

ஆடலே ஆலயம்

1973இல் இசைவாணர்க்கே வழங்கப்பட்டுவந்த சங்கீத கலாநிதி விருதினை மியூசிக் அகாடமி பாலசரஸ்வதிக்கு அளித்தது. 1977இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. விருதுகளைவிட நாம் நினைவில் கொள்ளத்தக்கது, 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க விழாவில் அவர் ஆற்றிய தலைமையுரையாகும்.

அவ்வுரையில் ஆடல்நிகழ்ச்சியின் வரிசைமுறையைக் கோயிலின் அமைப்போடு அவர் ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரவாயில். அதனைக் கடந்தால் ஜதிஸ்வரம் என்னும் அர்த்தமண்டபம். அடுத்துச் சப்தம் என்னும் மண்டபம். அங்குதான் முதன்முதலாகச் சொல்லும் பொருளும் ஆடலில் நுழைகின்றன. பின்னர் வர்ணம் என்னும் கருவறைச் சன்னிதி. இசை, தாளம், அபிநயம் மூன்றும் நிறைந்து நிற்கும் இடம் அது. அதன்பின் வரும் பதங்களில் ஆரவாரம் அடங்கும். தீபங்கள் விலகி, முழவொலி ஓய்ந்து, இறைவனின் அண்மையில் மெல்ல மந்திரம் ஓதும் அமைதி அங்கு நிலவும். தில்லானாவோ இறுதியில் கற்பூரம் ஏற்றும்போது எழும் மணியோசையும் பரபரப்பும் போன்றது. நிறைவில் சுலோகம். அதுவரை புறத்தே போற்றிய தெய்வத்தை அடியவர் தம் நெஞ்சிற்குள் எடுத்துச் செல்லும் நிலை அது.

காஞ்சியின் பெருங்கோயில் ஒன்றில், வெயில் பொழியும் வாயிலிலிருந்து விளக்கொளி மட்டுமே உள்ள கருவறைவரை நடந்து சென்றவர்க்கு இந்த ஒப்புமை வெறும் அணிநயமாகத் தோன்றாது. இடம் விரிவிலிருந்து ஒடுக்கத்திற்கும், ஒளியிலிருந்து இருளுக்கும், கூட்டத்திலிருந்து தனிமைக்கும் செல்வதைக் கால்களே உணரும். எனவேதான் வரிசையை மாற்றி ஆடுவதையும், வர்ணத்தை விட்டுவிடுவதையும் அவர் விரும்பவில்லை. கோயிலுக்குள் ஆடக்கூடாது என்று சட்டம் விதித்தபின், ஆடலையே கோயிலாக அவர் கட்டிக்கொண்டார் என்று கூறலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாத அக்கோயிலை எந்த நாட்டு மேடையிலும் அவரால் எழுப்ப முடிந்தது.

1976இல் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் பாலா என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அப்படத்தில் ஒரு காட்சி கடற்கரையில் அமைந்துள்ளது. கடற்காற்று சேலையைப் பற்றி இழுக்க, அலையோசை பாட்டை மறைக்க முயல, கிருஷ்ணா நீ பேகனே பாரோ என்னும் கன்னடப் பாடலுக்கு அவர் அபிநயிக்கிறார். இளமையின் எழில் அங்கு இல்லை. அழைக்கும் கையின் ஓர் அசைவில் குழந்தை இருக்கிறது, தாய் இருக்கிறாள். ராய் இளமையில் கல்கத்தாவில் கண்ட ஆடலை, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் இப்படத்தில் பதிவு செய்தார். இப்படம் இல்லையெனில், அவர் ஆடலைக் காணாத நமக்குக் கிடைத்திருப்பவை புகைப்படங்களும் பிறர் வியப்புரைகளும் மட்டுமே.

பாலசரஸ்வதி 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையில் காலமானார். அவருடைய மகள் லட்சுமி, தாயின் வழியில் ஆடினார். கணேசன் 1987இல் மறையும்வரை நடனம் கற்பித்தார். இளவல்களான ரங்கநாதனும் விசுவநாதனும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தம் இறுதிக்காலம்வரை மிருதங்கமும் குழலும் கற்பித்தனர். ரங்கநாதன் 1987இலும் விசுவநாதன் 2002இலும் மறைந்தனர். தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைகளில் பேணப்பட்ட பதங்களை, விசுவநாதனின் மாணவரான ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் கற்றுப் பாடினார். தமிழ்நாட்டு மக்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைத்தனர்.